பிராங்க்பர்ட்டிலிருந்து பாரிசுக்கு

திருப்பூர்
14-11-96

அன்புக் கண்ணு அர்த்தநாரிக்கு,

இந்த நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, அப்பா தூங்கிய பிறகுதான் எனக்குக் கை ஓடியது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க அவிநாசியப்பர் துணை. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், இரண்டு பனியனாகப் போட்டுக்கொள், திருப்பூர்க்காரன் பனியனில்லாமல் நடுங்கினான் என்று பேர் வேண்டாம். அப்பாவுக்குச் சர்க்கரை குறையவில்லை. கிறிஸ்துமஸ் ஆர்டர் கப்பலைத் தவறவிட்டதிலிருந்து ராத்திரி வரை கம்பெனியிலேயே கிடக்கிறார், ஆனால் அது ஆர்டர் கவலை இல்லை என்று எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்தால் அக்கா போட்டோவைப் பார்க்க வேண்டுமே.

அக்காவிடம் நேற்று ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து பேசினேன். குழந்தை போன பின்னும் பால் சுரந்து மார் கட்டிக்கொண்டதாம், சொல்லிவிட்டு அழக்கூட இல்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போனால் சாயங்காலம் வரை அந்த ஊரில் தனியாகக் கிடக்கிறாள். பக்கத்தில் இருக்க வேண்டியவள் நான், பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டு இன்னும் வரவில்லை. வைக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், "தம்பிக்குச் சொல்லீட்டீங்களாம்மா?" என்று. சொல்லிவிட்டேன், வருவான் என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேனோ.

உனக்குச் சொன்ன அன்று நீயும் ஐயோ என்றாய், அப்புறம் பிராங்க்பர்ட்டிலிருந்து பாரிஸ் ரொம்பத் தூரமுங்கம்மா என்றாய், நானும் நம்பினேன். பி.ஏ. படித்தவள்தான், ஆனாலும் கடல் தாண்டிப் போனதெல்லாம் எனக்கு ஒரே தூரம். இன்று அப்பா கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் சீனிச்சாமி வந்திருந்தான், அங்கெல்லாம் போய்வருகிறவன் என்று கேட்டேன், சிரித்துவிட்டான். "ஏனுங்க்கா, நம்மூருக்கும் மெட்ராசுக்கும் உள்ள தூரந்தானுங்க. பிளேன்ல ஒரு மணி நேரம், குடுத்த காப்பி ஆறறதுக்குள்ள எறக்கி உட்ருவானுங்க" என்றான். உனக்கு விசாகூடத் தனியாக வேண்டாமாம். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான். இங்கிருந்து மூலனூருக்குப் பஸ் ஏறினால்கூட அதைவிட நேரமாகும் கண்ணு. இது உனக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அவள் சாதி மாறி வேற ஆளுகளில் கட்டிக்கொண்டாள் என்று நீ கல்யாணத்துக்கு வரவில்லை, அப்பாவும்தான் வரவில்லை, அவர் மனசு மாறவில்லையா. தொட்டில் கட்டுவது தாய்மாமன் கை என்று ஆவணியில் கம்பெனி சாம்பிள் பெட்டிக்குள் வைத்து உன் ஆபீசுக்கு அனுப்பினேனே, நீங்கள் இரண்டு பேரும் தூங்கிய என் மஞ்சள் சேலை, நீ அதைக் கொண்டுவருவாய் என்று கடைசிவரை தொட்டிலுக்கு வேறு துணி எடுக்கவிடாமல் இருந்தாளாம், மாப்பிள்ளை சொன்னார். இனி அதை எடுத்துப் போகாதே, அவள் கண்ணில் படவேண்டாம். கூடப்பிறந்தவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லி வளர்த்தவள் நான், இந்த ஒருமுறை வெறுங்கையோடு போ. நியாயம் எதுவும் பேசவேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுகிறாளா என்று மட்டும் பார்.

போனில் அக்கா பேச்சை எடுத்தாலே லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். இது உன் கைக்கு வர எப்படியும் பத்து நாளாகும், அதற்குள் நீயாகவே போயிருந்தால் என்னைத் திட்டிக்கொள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, எங்களுக்குப் பிறகு அந்தச் சீமையில் அவளுக்கு நீ, உனக்கு அவள். சனிக்கிழமை எண்ணெய் தேய்க்க மறக்காதே.

போய்ப் பார்த்தாயா என்று சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா
பூவாத்தாள்