பஞ்சுவுக்கு வலித்தபோது

குளிர் தொடங்கிவிட்டதே என்று இன்று காலை அலுமாரியைத் திறந்து உன் நீலச் சுவெட்டரை எடுத்தேன். அதன் கையெல்லாம் நீளமான வெள்ளை முடி. ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். பாடம் நடத்தப் போகவேண்டும் என்பதே மறந்துபோனது.

பேராதனையில் நீ வேலை செய்த அலுவலகத்துக்கு வந்துபோகும் விரிவுரையாளர் ஒருவர், வெளிநாடு போகும்போது தன் பூனையை உன்னிடம் ஒப்படைத்தார். கண்டியில் தோழிகள் நாம் இருவரும் வாடகைக்கு இருந்த மேட்டு வீட்டுக்கு அதைக் கூடையில் தூக்கி வந்தாய். ராக்டோல் இனமாம், துணிப் பொம்மை என்று அர்த்தமாம். புசல்லாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக் கூரையில் சண்டை போடும் பூனைகளைத்தான் நான் கண்டிருந்தேன். நீலக் கண்ணால் இது என்னைப் பார்த்ததும் கதிரைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"பயப்படாதடி, தூக்கிப் பாரு."

தூக்கினேன். நகம் நீட்டவில்லை. கால்களைத் தொங்கவிட்டு என் கையில் அப்படியே சரிந்தது.

"இதுக்கு எலும்பு இருக்கா?" என்று கேட்டேன். நீ சிரித்து முடிக்க வெகுநேரமானது.

பஞ்சு என்று பெயர் வைத்தோம். அன்றிலிருந்து நமக்கு அதே ஆராய்ச்சிதான். குளிக்கப் போனாலும் பின்னாலேயே வந்து கதவடியில் ஏன் காத்திருக்கிறது? குடிப்பதற்கு முன் ஏன் தண்ணீரில் கையை நனைத்துப் பார்க்கிறது? இந்த இனத்துக்கு வலியே தெரியாதாம் என்று எங்கோ கேட்டு வந்து சொன்னாய். நானும் நம்பினேன்.

ஒரு ஞாயிறு குரங்குகள் குசினிக்குள் புகுந்து சோற்றுப் பானையை உருட்டின. நாம் விளக்குமாற்றோடு ஓடினால், பஞ்சு விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல அவற்றின் நடுவே உட்கார்ந்திருந்தது. ஒரு குரங்கு அதைப் பிடித்து இழுத்துப்போட்டுவிட்டு ஓடியது. பஞ்சு கத்தவே இல்லை. தூக்கியபோது வழக்கம்போலத் தொங்கியது. மறுநாள் சாப்பிடவில்லை, கதவடிக்கும் வரவில்லை. மிருக வைத்தியர் தொடை முடியை விலக்கிக் காட்டினார். ஆழமான கடி.

"வலி தெரியாதுன்னாங்களே, டொக்டர்" என்றாய்.

"யாரு சொன்னது? இதுக்கும் வலிக்கும். கத்தாது, அவ்வளவுதான். நீங்கதான் கவனிச்சுப் பாக்கணும்."

அப்போதிருந்து கவனிக்கப் பழகினேன். எப்படிப் படுக்கிறது, எவ்வளவு தின்கிறது என்று பார்த்த கண்ணில் நீயும் பட்டாய். சோற்றைப் பிசைந்துகொண்டே பேசிப் பாதியில் கை கழுவினாய். மேடேறும்போது வழியோரச் செவ்வந்திப் பூவைப் பார்ப்பதாகச் சொல்லி நின்றாய்.

"உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்லடி."

"சரி. எங்கன்னு மட்டும் சொல்லு."

மடியில் கிடந்த பஞ்சுவைத் தடவியபடி இருந்தாய். "வயித்துல. ரொம்ப நாளா."

ஆஸ்பத்திரியில் புற்றுநோய், பிந்திவிட்டது என்றார்கள். ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு இருந்தாய். வலித்தால் மறைக்காமல் சொன்னாய். நான் சுடுநீர்ப் போத்தல் கொண்டுவருவேன். அதற்குள் பஞ்சு உன் வயிற்றோரம் வந்து நீட்டிப் படுத்திருக்கும். "இதுக்கு எப்படிடி தெரியுது?" என்று கேட்பாய். இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

உன்னிடம் கேட்டதுபோல இரண்டாம் முறையும் கேட்கிற பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது. நேற்று அம்மாவிடம் தொலைபேசியில் சுகம் விசாரித்தேன். "எனக்கென்ன குறை" என்றார். வைத்துவிடாமல், "கால் எப்படி இருக்கும்மா?" என்றேன்.



"கோயில் படி ஏறத்தான் முடியலம்மா," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொல்லத் தொடங்கினார்.