வேலியில் தொங்கும் தோல்

2012 பிப்ரவரி 4

ஹாங்கைப் புதைத்தோம். மண் உறைந்து பாறையாகக் கிடந்தது; தம்பி லேய்ஃப் டிராக்டர் கொண்டுவந்துதான் குழி தோண்டினான். குட்டியிலிருந்து என் ஆடுகளுடன் படுத்து, ஆடுகளுக்காகவே செத்த நாய். ஓநாய்கள் குடலை இழுத்துப் போட்டிருந்தன.

ஓநாய்களில் ஒன்றை நானே பார்த்தேன். சாம்பல் நிறம், பெரிய ஆண். முன்கால் நொண்டி. மேட்டில் நின்று திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. என் துப்பாக்கி வீட்டில் இருந்தது.

அதை விடமாட்டேன்.

பிப்ரவரி 6

அப்பா காலத்தில் இதற்கெல்லாம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. பன்றிக்கொழுப்பில் விஷத்தை உருட்டி மலையெங்கும் போடுவார். கயோட்டி நரியின் காதைக் கொண்டுபோனால் அரசாங்கமே பணம் கொடுக்கும். செத்ததை வேலியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார், மற்றவை பார்க்கட்டும் என்று. எனக்குக் கல்யாணமான வருஷம் வாஷிங்டனில் விஷத்தைத் தடை செய்தார்கள். பிறகு ஓநாயைத் தொட்டால் ஜெயில் என்றார்கள். பிறகு கனடாவிலிருந்து ஓநாய்களை லாரியில் ஏற்றிவந்து அவர்களே இறக்கிவிட்டார்கள். இப்போது பால் வாங்கும் கடையிலேயே ஓநாய் சுட அனுமதிச் சீட்டு கிடைக்கிறது.

இன்று பாலும் சீட்டும் வாங்கினேன்.

பிப்ரவரி 11

எங்கள் பகுதியில் இத்தனை ஓநாய்தான் சுடலாம் என்று ஒரு கணக்கு. நிரம்பியதும் வேட்டைப் பருவம் முடிந்துவிடும். தினமும் ஒரு எண்ணுக்குப் போன் செய்தால் பதிவு செய்த குரல் சொல்கிறது. இன்று "இன்னும் ஒன்று" என்றது.

அந்த ஒன்று என்னுடையது.

பிப்ரவரி 19

விடிகாலையில் ஓடைப் பக்கம் அசைவு. பனிக்குள் நொண்டி நொண்டி ஒன்று வந்தது. சுட்டேன். விழுந்தது. சிரித்தேன், வெட்கமில்லாமல்.

கிட்டே போய்ப் பார்த்தால் கறுப்பு. பெண். நான்கு காலும் நன்றாக இருக்கின்றன.

ஆழப் பனியில் எல்லா மிருகமும் நொண்டித்தான் நடக்கும். பிறந்ததிலிருந்து இந்தப் பனியில் கிடப்பவளுக்கு இது தெரியாதா? ஆத்திரம் கண்ணை மறைத்துவிட்டது.

லேய்ஃப் சொன்னான்: "அக்கா, பேசாம பொதைச்சிடு. ஒண்ணு பாக்கின்னே போன் சொல்லிட்டிருக்கும். நொண்டியையும் போட்டுடலாம்."

"பொதைக்கிறதுக்கா சுட்டேன்? வேலியில தொங்கணும். அந்த நொண்டி பாக்கணும்."

"தொங்கவிட்டா வனவிலங்கு வார்டனுக்குத் தெரிஞ்சிடும். சொல்லித்தான் ஆகணும். பருவத்தை மூடிடுவாங்க."

"மூடட்டும்."

பிப்ரவரி 20

வார்டன் டெஸ்ஸா வந்து தோலையும் மண்டையையும் பார்த்து முத்திரை போட்டாள். "கணக்கு நெரம்பிடுச்சும்மா. இனி செப்டம்பர் பதினஞ்சு வரைக்கும் கை வைக்கக் கூடாது. ஆட்டு மேல பாயறத நேர்ல பாத்தா மட்டும் சுடலாம்."

"வேலிகிட்ட வந்து நின்னா?"

"நிக்கறதுக்கு யாரையும் சுட முடியாதும்மா."

தெற்கு வேலியில் தோலைக் கட்டினேன். அப்பா போட்ட அதே முடிச்சு.

பிப்ரவரி 23

வந்துவிட்டது. சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே. நொண்டி வந்து தோலுக்குக் கீழே உட்கார்ந்தது. ஊளையிடவில்லை. ஆடுகளின் பக்கம் திரும்பக்கூட இல்லை.

ஜன்னலிலிருந்து துப்பாக்கியின் தொலைநோக்குக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாய்ந்து தொலையேன். ஒரே ஒரு ஆட்டின் மேல் பாயேன்!

மார்ச் 2

இன்றும்.

மார்ச் 9

லேய்ஃப் வேலியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "செத்தது அதோட ஜோடி, அக்கா. தோலை எறக்கிடு. பாவம்."

"ஹாங்க் பாவமில்லையா?"

"அதுக்கில்ல. தோல் தொங்குற வரைக்கும் அது வந்துட்டேதான் இருக்கும்."

அவன் போன பிறகும் அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருந்தேன். வந்துகொண்டேதான் இருக்கும். சரி, தொங்கட்டும். செப்டம்பர் வரை தொங்கட்டும். இதற்கு எந்தச் சட்டத்திலும் தடை இல்லை.

ஏப்ரல் 27

ஆடுகள் குட்டி போடும் காலம். நிற்க நேரமில்லை. காற்றில் முடிச்சு தளர்ந்திருந்தது. போய் இறுக்கிக் கட்டினேன்.

ஜூன் 14

தோல் காய்ந்து விறைத்துவிட்டது. மயிர் கொட்டுகிறது. இருந்தும் வருகிறது. நான் காப்பியுடன் ஜன்னலுக்கு வரும் நேரத்துக்கு அதுவும் வருகிறது.

ஆகஸ்ட் 8

நேற்று வரவில்லை. இரண்டு முறை எழுந்து போய்ப் பார்த்தேன். வேறெவனாவது சுட்டுவிட்டானோ என்ற பயம்தான், வேறென்ன? இன்று வந்தது. நொண்டல் அதிகமாகியிருக்கிறது.

செப்டம்பர் 14

நாளை. துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன். லேய்ஃப் சாப்பிட்டுவிட்டுச் சீக்கிரமே கிளம்பிப் போனான்.

செப்டம்பர் 15

போன் செய்தேன். பருவத்தைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலம் வந்தது, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. ஒரே குண்டு.

வார்டனுக்குச் சொல்லியாயிற்று. இதை வேலியில் கட்டவில்லை.

செப்டம்பர் 16

காப்பியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். யாரும் வரவில்லை.