ஒரு தட்டு குறையும் ஃப்ரீவீல்

9 ஜூலை 2024, செவ்வாய்

நகராட்சிக் குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை. மறுபடியும் புகார் எழுதிப் போட்டேன். படிப்பார்களோ என்னவோ.

மத்தியானம் பாண்டிதுரை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லோடு ஆட்டோவில் சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான். அண்ணன் மகன். வைகாசியில் அண்ணன் இறந்தபோது நான் போகவில்லை. அது அவன் முகத்தில் இருந்தது.

"அப்பா சொல்லிட்டுப் போனது சித்தப்பா. உங்க கையில ஒப்படைக்கணுமாம்."

"நாப்பது வருசம் கழிச்சா?"

"வேணாம்னா சொல்லுங்க, இப்பவே ஏத்திட்டுப் போறேன்."

"வச்சிட்டுப் போலே."

மதினி எப்படி இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. அவனாகச் சொன்னான்: "அம்மாவுக்குக் கண்ணு மங்கிருச்சு. செல நேரம் அப்பா வெளிய போயிருக்கதா நெனச்சுக்கிடுதா."

10 ஜூலை

இது என் வண்டி. 1979-ல் மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்துச் சேர்த்து, மதுரையில் வாங்கிய சீமைப் பந்தய வண்டி. வளைந்த ஹேண்டில்பார், பின்னால் ஐந்து பல்சக்கரம்.

1984-ல் மதுரை வரை ஒரு பந்தயம். பேர் கொடுத்திருந்தேன். முந்தின நாள் அண்ணன் கேட்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு கூமாப்பட்டிக்குப் போய்விட்டான், மதினியைப் பெண் பார்க்க. பந்தயம் முடிந்த மறுநாள், வண்டியை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்து நின்றான். சிரிப்பு வேறு. "அந்த வண்டியோட என் வாசலுக்கு வா. அதுவரைக்கும் இந்தக் கதவு தெறக்காது" என்றேன்.

நான் சொன்னால் சொன்னதுதான்.

11 ஜூலை

செயினில் அடிக்கோல் வைத்துப் பார்த்தேன். நன்றாக நீண்டுவிட்டது. ஐந்து பல்சக்கரத்தில் ஒன்று மட்டும் தேய்ந்து, பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கொக்கிபோல் ஆகிவிட்டன. மற்ற நான்கும் புதுசுபோல இருக்கின்றன. ஒரே கியரில், ஒரே வழியில் விடாமல் ஓட்டியிருக்கிறான் அண்ணன். எங்கே போய் வந்தான்?

தலைகீழாக நிறுத்திப் பெடலைப் பின்னால் சுற்றினேன். டிக்டிக்டிக் — ஒரு தட்டு இல்லை — டிக்டிக்டிக். அந்த ஐந்து பல்சக்கரமும் பூட்டியிருக்கிற ஃப்ரீவீலுக்குள் ஏதோ ஒரு பல் உடைந்திருக்கிறது.

இந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது வாசல் பக்கம் கேட்கும். சாணை பிடிக்கிறவன் என்று நினைத்திருந்தேன்.

சாணைக்காரன்தான். வேறு யார்?

14 ஜூலை, ஞாயிறு

பின்சக்கரம் கட்டிலுக்கடியில். செயின் ஆணியில். ஃப்ரீவீல் மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிக் கிடக்கிறது.

மத்தியானம் வாசலில் கேட்டது. அதே சத்தம், அதே குறை.

கதவைத் திறக்கவில்லை. ஏன் திறக்க வேண்டும்? செத்த நேரம் கேட்டது, பொறவு நின்றது. டப்பாவை எட்டிப் பார்த்தேன். மண்ணெண்ணெயில் ஓர் அலைகூட இல்லை.

15 ஜூலை

எதிர்வீட்டுச் செல்லத்தாயிடம், நேற்று சாணைக்காரன் வந்தானா என்று கேட்டேன்.

"இந்தத் தெருவுக்குச் சாணைக்காரன் வந்து எம்புட்டு வருசமாச்சு அண்ணாச்சி. ஞாயித்துக்கெழம உங்க வாசல்ல நிப்பாரே ஒரு பெரியவர், வளஞ்ச ஹேண்டில்பார் வண்டி வச்சுக்கிட்டு, அவரத்தான் இப்பக் காணும்."

"நின்னு என்ன செய்வாரு?"

"பெடலப் பின்னால சுத்திக்கிட்டே நிப்பாரு. பொறவு போயிருவாரு. நாங்க குடிவந்ததுலேர்ந்து பாக்கேன். எங்க நாய்கூட அவரப் பாத்தாக் கொலைக்காது."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்ககிட்ட யாரு வாயக் குடுப்பா?"

சின்ன வயதில் நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வாசலில் நின்று சைக்கிள் பெடலைப் பின்னால் சுற்றினால், உள்ளே இருப்பவன் வெளியே வர வேண்டும். அதையெல்லாம் எழுபது வயதுக்காரன் ஞாபகம் வைத்திருக்க முடியுமா? ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். வாய் இல்லையா அவனுக்கு?

19 ஜூலை

புதுச் செயின் போட்டேன். மிதித்தால் தேய்ந்த பல்லில் ஏறித் துள்ளுகிறது. கடைக்கார சாம்சனுக்குச் சிரிப்பு.

"பழைய செயினும் பழைய பல்லும் சேந்தே தேஞ்சது அண்ணாச்சி. ஒன்ன மாத்துனா இன்னொன்னு பிடிக்காது. ரெண்டையும் தூக்கிப் போடுங்க."

எனக்குத் தெரியாததா? புது ஃப்ரீவீலும் வாங்கிவந்து பூட்டினேன். இதன் சத்தம் மெலிசு. ஒரு தட்டும் குறையவில்லை. இனிமேல் தொந்தரவு இல்லை.

21 ஜூலை, ஞாயிறு

புதுசு பூட்டிய வண்டி அறைக்குள் நின்றது. பழைய ஃப்ரீவீலை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது அசையவில்லை. வாசலில் கேட்டது பழைய சத்தம்.

"யாருலே அது?"

கூப்பிடட்டும், திறக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை.

சத்தம் நின்றபிறகுதான் திறந்தேன். தெருவில் வெயில் மட்டும் கிடந்தது. எதிர்வீட்டு வெள்ளை நாய், யாரைக் கண்டாலும் சங்கிலியை அறுக்கப் பார்க்கிற நாய், என் வாசற்படிக்கு முன்னால் யாருமில்லாத இடத்தைப் பார்த்து வாலாட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதன் தலை மெல்ல, மெல்ல, தெருமுனைவரை திரும்பியது.

28 ஜூலை, ஞாயிறு

கேட்டது.

31 ஜூலை

இந்த வண்டி எனக்கு வேண்டாம். வந்தது வந்தபடியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அவனுடையது அவன் வாசலிலேயே கிடக்கட்டும், சத்தமும் சேர்த்து.

புதுசைக் கழற்றிவிட்டுப் பழைய ஃப்ரீவீலையும் பழைய செயினையும் பூட்டினேன். துள்ளவே இல்லை. வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. எரிச்சலாக வந்தது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

மத்தியானம் வீட்டில் இருக்கக் கூடாதென்று காலையிலேயே மிதித்துக் கிளம்பினேன். அண்ணன் வீட்டுக்கு நான் போனதே கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் கோயிலைத் தாண்டி எந்தச் சந்து என்று கேட்க வாயெடுப்பதற்குள் ஹேண்டில்பார் திரும்பிவிட்டது. நான் திருப்பினேனா? இரண்டாவது வீட்டின் முன்னால் நின்றது.

பச்சைக் கதவு, பாதி சாத்தியிருந்தது. பாண்டிதுரையின் பைக்கைக் காணோம். யாரைக் கூப்பிட? நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? பெடலைப் பின்னால் சுற்றினேன்.

உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றது. மதினியின் குரல். அழுகை இல்லை, ஆச்சரியம் இல்லை. வாராவாரம் கேட்டு அலுத்த குரல்.

"வந்துட்டியளா? இன்னைக்காவது கதவத் தெறந்தாரா உங்க தம்பி?"

வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு பஸ்ஸில் வந்துவிட்டேன்.

11 ஆகஸ்ட், ஞாயிறு

வண்டி அங்கே இருக்கிறது. இங்கே அதன் திருகாணி ஒன்றுகூட இல்லை.

வாசல் கதவை மத்தியானத்துக்கு முன்பே திறந்து, சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறேன். வீட்டுக்குள் ஒரே புழுக்கம். அதற்காகத்தான்.

எதிர்வீட்டு நாய் எழுந்து வாலாட்டுகிறது.