வலி இல்லாதவர்கள் பட்டியல்

ஓசூர்
9.2.2025

அன்புள்ள முனிலட்சுமிக்கு,

ஃபெபா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் உனக்குக் கோபம் வரும். ஆனாலும் கேட்கிறேன். இங்கே அப்பாவுக்குச் சளி, மற்றபடி எல்லோரும் நலம். அம்மா உன்னை விசாரித்தாள்.

பத்து நாளாக நீ போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் உன் படம்கூடத் தெரியவில்லை. போன ஞாயிறு கெலமங்கலம் வந்தேன். உங்கள் வீட்டு வாசலில் உன் செருப்பு கிடந்தது. உன் அம்மா "முனி இல்லம்மா" என்றார். செருப்பைப் பார்த்துக்கொண்டே "சரிங்க அத்தை" என்று திரும்பிவிட்டேன். நீ எதிரில் வந்திருந்தாலும் எனக்குப் பேச்சு வந்திருக்காது. அதனால்தான் கடிதம்.

கம்பெனியில் உங்களைக் கூப்பிட்டு விசாரித்ததாக, உன்னோடு அசெம்பிளி லைனில் நிற்கும் சம்பங்கி அக்கா சொன்னார். நடந்ததை நான் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆஸ்பத்திரியில் நடப்பது முதுகெலும்பு ஆராய்ச்சி. இடுப்பு வலி உள்ள அறுபது பேர், வலியே இல்லாத அறுபது பேர். இரண்டு கூட்டத்துக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து, எலும்பையும் எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கையும் அளந்து ஒப்பிடுகிறோம். நவம்பர் 17 அன்று உங்கள் கம்பெனியிலிருந்து வேனில் வந்த நீங்கள் பத்துப் பேரும் வலி இல்லாதவர்கள் பட்டியலில் சேர்ந்தீர்கள். ஜனவரியில் நான் அளந்தபோது, வலி உள்ளவர்களின் படங்களைவிட உங்கள் பத்துப் படங்களும் மோசமாக இருந்தன. படிவத்தில் இருப்பது உண்மையாக இருக்காது என்று, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் மாதேஸ்வரனிடம் சொன்னேன். பெயர் எதையும் சொல்லவில்லை. அதையே காரணமாக எழுதி, உங்களை மறுபடி அனுப்பச் சொல்லி அவர் கம்பெனிக்கு மெயில் அனுப்புவார் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் உள்ளதை எழுதியிருந்தால் இது எதுவும் வந்திருக்காது. இதை எழுதாமல் விடவும் என்னால் முடியவில்லை.

பதில் போடு.

உன்
ஃபெபா


கெலமங்கலம்
16.2.2025

ஃபெபா மேடத்துக்கு,

உங்க லெட்டர் வந்துச்சு. இந்தக் காலத்துல யாருக்கும்மா லெட்டர் வருதுன்னு போஸ்ட்மேன் சிரிச்சுட்டே குடுத்தார்.

செருப்பைப் பார்த்தியாமே. எலும்பையே பார்க்கறவளுக்கு செருப்பு தெரியாமப் போகுமா. கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். வெளிய வந்திருந்தா அறைஞ்சிருப்பேன்.

விசாரிச்சாங்கன்னு எழுதியிருக்க. விசாரிக்கலடி. கேட் பாஸைப் பிடுங்கிட்டாங்க. பத்து பேருக்கும். எச்.ஆர். ரூம்ல வரிசையா நிக்க வெச்சு, "வலியை மறைச்சுட்டு வேலை பார்த்திருக்கீங்க, நாளைக்கு லைன்ல விழுந்தா யாரு பொறுப்பு"ன்னு கேட்டான் அந்த பாலாஜி. அன்னைக்கு சாயங்காலமே காண்ட்ராக்ட் முடிஞ்சுபோச்சு. மார்ச்ல என்னை பெர்மனென்ட் பண்றதா இருந்தாங்க. முதல்ல உன்கிட்டதான் சொன்னேன்.

பேர் சொல்லலையாம். ஒரே கம்பெனியில இருந்து ஒரே வேன்ல பத்து பொம்பளைங்க வந்தா அதுக்கு மேல பேர் எதுக்கு?

வருஷா வருஷம் கம்பெனி ஃபிட்னஸ் படிவத்துல 'வலி உண்டா'ன்னு கேப்பாங்க. எங்க கை தானா 'இல்லை'க்குப் போகும். வலி இருக்குன்னு போட்டவ அடுத்த மாசம் லைன்ல இருக்க மாட்டா. ஆனா உன் படிவத்துல யோசிச்சுதான் போட்டோம். தீபாவளிக்கு மறுநாள் போன் பண்ணினியே, மறந்துட்டியா? "முனி, வலி இருக்கறவங்க பட்டியல் நிறைஞ்சிருச்சு. வலி இல்லாதவங்களைத்தான் தேடறோம். ஸ்கேன் ஃப்ரீ." நீ சொன்னதுதான் இது. எட்டு மணி நேரம் நிக்கற லைன்ல வலிக்காத இடுப்பு ஏதுடி? உள்ள என்ன ஆயிருக்குன்னு எங்களுக்குப் பார்க்கணும். வலி இல்லைன்னு சொன்னாத்தான் பார்ப்பாங்கன்னா சொல்லிட்டுப் போறோம்.

அப்புறம் ரிப்போர்ட் கேட்டேன். "ஆராய்ச்சி ஸ்கேனுக்கு ரிப்போர்ட் தர மாட்டாங்க, அது விதி"ன்ன. எங்க இடுப்புல இருக்கறதை எங்களுக்குச் சொல்ல மட்டும் உனக்கு விதி குறுக்க வருது. டாக்டர்கிட்ட சொல்ல வரல.

ஸ்கூல்ல அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப உன் சத்தம் மிஸ்ஸுக்குக் கேக்காது. "ஃபெபா உள்ளேன் மிஸ்"னு நான்தான் கத்துவேன். பன்னெண்டு வருஷம் உனக்கு வாயா இருந்தேன். இப்பதான் நீயா வாயைத் திறந்திருக்க. நல்லா இரு.

முனிலட்சுமி


ஓசூர்
23.2.2025

முனிலட்சுமிக்கு,

உன் கடிதத்தைப் படித்து முதலில் அழுதேன். மறுநாள் படித்தபோது கோபம்தான் வந்தது.

நீ எனக்கு வாயாக இருந்ததைச் சொல்லிக் காட்டியிருக்கிறாய். நீ கத்தும்போதெல்லாம் வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரிக்கும், அது உனக்குத் தெரியுமா? விட்டிருந்தால் மெதுவாகவாவது நானே சொல்லிப் பழகியிருப்பேன். நீ ஒரு நாளும் விடவில்லை.

உங்கள் வேலை போனது எனக்குத் தெரியாது. வருத்தப்படுகிறேன். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தாயா? டிஸ்க் கறுத்து, தேய்ந்து, பக்கத்து எலும்பும் கெட்டுப்போன பத்துப் பேர் 'வலி இல்லாதவர்கள்' என்று பதிவாகியிருப்பீர்கள். இப்படி இருந்தாலும் வலிக்காது என்று கட்டுரை வெளிவந்திருக்கும். நாளைக்கு ஒரு பெண் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனால், "எல்லோருக்கும் இருப்பதுதான், போய் வேலையைப் பார்" என்று அதைக் காட்டியே அனுப்பிவிடுவார்கள். உங்கள் பொய் உங்களோடு நிற்காது.

எனக்கும் இந்த வேலை போனால் வேறு இடம் இல்லை. எங்கள் வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. சிபாரிசு செய்ய எங்களுக்கு யாரையும் தெரியாது. இது உனக்குப் புரியும் என்று நினைத்தேன்.

ஃபெபா


கெலமங்கலம்
2.3.2025

ஃபெபாவுக்கு,

உன் நியாயத்தைப் படிச்சேன். சம்பங்கி அக்காவுக்கும் படிச்சுக் காட்டினேன். "என் தாலியில கோத்திருந்த ஊக்கை எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டி வெச்சு, ஸ்கேன் முடிஞ்சதும் திரும்பக் கோத்துவிட்டுச்சே, அந்தப் பொண்ணா இது"ன்னாங்க.

அன்னைக்கு வேன்ல உட்கார்ந்து பத்து பேர் படிவத்தையும் நான் ஒருத்திதான் எழுதினேன். இறங்கினதும் நீதான் வாங்கி, ஒவ்வொண்ணா புரட்டிப் பார்த்து அடுக்கின.

ஒரே கேள்வி. டிக் போட்டு இந்தத் தாளையே திருப்பி அனுப்பு. விளக்கம் வேணாம்.

அது என் கையெழுத்துன்னும், போட்டது பொய்ன்னும் அன்னைக்கே உனக்குத் தெரியுமா?

ஆம் (    )     இல்லை (    )

முனிலட்சுமி


ஓசூர்
10.3.2025

முனிலட்சுமிக்கு,

உன் தாள் இத்துடன் இருக்கிறது. 'ஆம்' என்ற இடத்தில் டிக் போட்டிருக்கிறேன்.

விளக்கம் வேண்டாம் என்றாய். இது நான் மறைத்தது, அதனால் எழுதுகிறேன். உன் நோட்டைப் பார்த்தே படித்தவள் நான். நீ டிக் போட்டால் பக்கத்தில் ஒரு புள்ளி வைப்பாய். பத்துப் படிவத்திலும் அந்தப் புள்ளி இருந்தது. ஸ்கேன் மேஜையில் ஏறும்போது நீ முதலில் ஒருக்களித்துப் படுத்தாய். கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு அப்புறம்தான் மல்லாந்தாய். வலி இல்லாதவர்கள் அப்படிப் படுப்பதில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மாதத்துக்குள் பட்டியலுக்கு இன்னும் பன்னிரண்டு பேர் வேண்டியிருந்தது. நீங்கள் பத்துப் பேர் வந்து இறங்கியதும் டாக்டர் என்னைப் பார்த்து "கெட்டிக்காரப் பெண்" என்றார். அதற்கு முன் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

ஜனவரியில் அளவுகள் தாறுமாறாக வந்ததும், எனக்கு அளக்கத் தெரியவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்போதுதான், அளவு சரி, படிவம்தான் தப்பு என்றேன். போன கடிதத்தில் பெரிய நியாயமெல்லாம் எழுதினேன். அது எதுவும் பொய் இல்லை. ஆனால் அன்று அதை நினைத்து நான் பேசவில்லை. என்மேல் வந்த பழியை உங்கள்மேல் தள்ளினேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போய், எனக்கு முதலிலேயே தெரியும் என்று சொன்னேன். "சத்தமாகச் சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். உங்களை வேலையில் சேர்க்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுதுங்கள் என்றும் கேட்டேன். அது அவர் வேலை இல்லையாம். சனிக்கிழமையோடு என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

வெளியே வருவதற்கு முன் பத்துப் படங்களையும் அச்செடுத்தேன். யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள்தான் நான். உறைகளின் மேல் பெயர் எழுதியிருக்கிறேன். ஆராய்ச்சியில் உன் எண் 31.

டிஸ்க்கில் தண்ணீர்ச் சத்து இருந்தால் படத்தில் வெளுப்பாகத் தெரியும். உனக்குக் கீழே இருக்கும் இரண்டும் கறுத்துவிட்டன. கடைசி டிஸ்க் பாதி உயரத்துக்கு வந்துவிட்டது. அதை ஒட்டி மேலும் கீழும் உள்ள எலும்புக்குள் நீர் கோத்தது மாதிரி தெரிகிறது. நமக்கு இருபத்தைந்து வயதுதான் முனி. நான் டாக்டர் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் உடனே காட்டு. எடை தூக்காதே.

இதை அன்றைக்கே உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

ஃபெபா


கெலமங்கலம்
30.3.2025

ஃபெபாவுக்கு,

பத்து உறையும் வந்துச்சு. அவங்கவங்க கையில குடுத்துட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த டாக்டர் படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடிச்சுப் பார்த்துட்டு, "யாரும்மா எடுத்தது, நல்லா தெளிவா இருக்கு"ன்னார். மாத்திரை, பெல்ட், குனியாதே, தூக்காதே. இப்ப ரோஜாத் தோட்டத்து ஷெட்டுல பூ கட்டறேன். குனிஞ்சுதான்.

மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காத. மறைச்சதைக்கூட விடு. "கெட்டிக்காரப் பெண்"னு ஒரு ஆள் சொன்ன ஒரு வார்த்தைக்கு பத்து கேட் பாஸா? அது உனக்கு அவ்வளவு வேணும்னு தெரிஞ்சிருந்தா நான் தினம் சொல்லியிருப்பேனேடி.

அன்னைக்கு வேன்ல மிச்சமான படிவத்தை ஜெராக்ஸ் போட்டோம். பத்தும் இதுல இருக்கு. இந்தத் தடவை அவங்கவங்களே நிரப்பினது. வலி எப்ப ஆரம்பிச்சதுங்கற இடத்துல ஆளாளுக்கு ஒண்ணு எழுதியிருக்கோம். புது மிஷின் வந்த மாசம். ரெண்டாவது பிரசவம் ஆகி நாப்பதாவது நாள் லைனுக்குத் திரும்பினப்ப. ஒருத்தி 'ஞாபகம் இல்லை, எப்பவும்'னு எழுதியிருக்கா. சம்பங்கி அக்காவுக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். வலிக்கற இடத்தைக் குறிக்க ஒரு உடம்புப் படம் போட்டிருக்கீங்களே, அதுல பேனாவை அழுத்தி அழுத்தி இடுப்புல ஓட்டையே போட்டுட்டாங்க. அப்படியே அனுப்பியிருக்கேன்.

இதை எடுத்துட்டுப் போய் டாக்டர்கிட்ட குடு. நீ அங்க வேலையில இல்லாட்டி என்ன, வாசல்ல நின்னு குடு. வலி இருக்கறவங்க பட்டியல்ல போடச் சொல்லு. நிறைஞ்சிருச்சுன்னு சொன்னா இடம் பண்ணச் சொல்லு. சத்தமா சொல்லு. உனக்காகக் கத்த நான் வர மாட்டேன்.

இனி எழுதாத. உன் லெட்டர் வந்தா திருப்பி அனுப்பச் சொல்லிட்டேன்.

படிவத்துல கடைசி வரி 'நிரப்ப உதவியவர்'. போன தடவை அந்த இடத்தைக் காலியா விட்டிருந்தேன். இப்ப பாரு, 'யாரும் இல்லை'ன்னு இருக்கும்.

31