படைவீரர் நான் அல்லேன், என் மனைவி

அனுப்புநர்:
ஞா. தயாளன்,
தாவரவியல் விரிவுரையாளர் (ஓய்வு),
ஊரப்பாக்கம்.

பெறுநர்:
உயர்திரு மண்டல அதிகாரி அவர்கள்,
முன்னாள் படைவீரர் மருத்துவப் பிரிவு,
சென்னை.

பொருள்: மேஜர் ஜெயசீலி (ஓய்வு) அவர்களின் பதிவைத் திருத்தி, செவிக்கருவி வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இம்மனுவில் வருபவை: (1) பதிவில் நேர்ந்த பிழை, (2) அதனால் நின்றுபோன சிகிச்சை, (3) 'சிஸ்டர்' என்று அழைப்பது குறித்த என் ஆட்சேபம், (4) வேண்டுகோள். வரிசை தவறாக இருந்தால் பொறுத்தருள்க.

1. என் மனைவி இராணுவ மருத்துவமனைகளில் செவிலிய அதிகாரியாகப் பணியாற்றி, மேஜராக ஓய்வு பெற்றவர். நான் பொட்டுவெடித் துப்பாக்கியைக்கூடத் தைரியமாகப் பிடித்தவன் அல்லேன். ஆயினும் எங்கள் பகுதி மருத்துவ மையத்தின் கணினியில் படைவீரர் என்று நானும், என்னைச் சார்ந்தவர் என்று அவரும் பதிவாகியிருக்கிறோம். "நீங்க வாங்க மேஜர் சார், அம்மா அப்டி ஓரமா குந்தட்டும்" என்று அழைத்துப்போய், நன்றாகக் கேட்கும் என் காதுகளைப் பரிசோதித்தார்கள். நானும் போய் உட்கார்ந்துவிட்டேன்.

2. அவருக்கு இடக்காது கேட்காது. பழைய காய்ச்சலில் போனது என்றே என்னிடம் சொல்லியிருந்தார். சென்ற மாதம் மையத்தில் காத்திருந்தபோது, பெரும்பாக்கத்திலிருந்து வந்திருந்த முன்னாள் சிப்பாய் திரு. சுப்பராயலு அவரைக் கண்டதும், கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "சிஸ்டர்!" என்று நிமிர்ந்து சல்யூட் அடித்தார். பிறகு என்னிடம், "குண்டு வுழுந்துகினே கீது சார். எல்லாரும் பதுங்குகுழிக்குப் பூட்டாங்க. நடக்க முடியாத எங்கள வுட்டுட்டு சிஸ்டர் போவல" என்றார். அந்தச் சத்தத்தில் போன காது அது. திருமணமான நாள் முதல் அவருடைய வலப்பக்கமாகவே நடந்து வந்திருக்கிறேன்; அவர்தான் என்னை அந்தப் பக்கம் நிறுத்துவார். மற்றக் காது எப்படிப் போனது என்று அன்றுதான் தெரிந்தது. திரும்பும்போது மின்ரயிலில் அவர் பக்கத்தில் உட்காரவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போது வலக்காதும் மங்கி வருகிறது. செவிக்கருவி கேட்டு, குண்டுச் சத்தத்தையும் குறிப்பிட்டு, அதன்பின் அவர் அளித்த விண்ணப்பம், 'சார்ந்தவருக்குப் பணிக்காலக் காயம் எவ்வாறு ஏற்பட்டது?' என்ற கேள்வியுடன் திரும்பிவிட்டது.

3. அன்று 'சிஸ்டர்' என்ற சொல்லைக் கேட்ட பதிவு மேசை ஊழியர், "இன்னா பெருசு, உன் தங்கச்சியா?" என்று சுப்பராயலுவைப் பார்த்துச் சிரித்தார். மேஜர் ஒருவரை அவ்வாறு அழைப்பது அவர் தகுதிக்குக் குறைவு. யாரும் அப்படி அழைக்கக் கூடாதென மையத்தில் அறிவிப்பு வைக்க வேண்டும்.

4. ஆகவே படைவீரர் ஜெயசீலி, சார்ந்தவர் தயாளன் என்று பதிவைத் திருத்தி, அந்த ஒரு காதும் ஓய்ந்துவிடுமுன் கருவி கிடைக்க ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன்.

இவ்வளவும் எழுதியபின் அவரது வலக்காதருகே உரக்க வாசித்துக் காட்டினேன். மூன்றாவதற்கு வந்ததும் கையால் தடுத்தார். "அத எடுத்துடுங்க. வலியில கத்துறவன் மேஜர்னா கூப்பிடுவான்?" என்றார். வார்டில் கிடந்த சிப்பாய்கள் எல்லோருக்கும் அவர் சிஸ்டர்தானாம். அதைவிடப் பெரிய பதவி அங்கே இருந்ததில்லையாம். அடித்து எழுதினால் மனு அலங்கோலமாகிவிடும். ஆகையால் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன்: மூன்றாவது என் தவறு. அறிவிப்பு வேண்டாம், ஐயா.

இடம்: ஊரப்பாக்கம்
நாள்: 12.02.2025

மேஜர் ஜெயசீலி அவர்களைச் சார்ந்தவன்,
ஞா. தயாளன்