மேல் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்கு

ஆர்.எஸ்.புரம்
10.6.2024

தம்பி கிருபாசங்கருக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். பாகம் பிரித்த நாளிலிருந்து நாம் பேசுவதில்லை. அதனால் ஒரே வீட்டின் மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்குத் தபாலில் எழுதுகிறேன். தபால்காரர் முகமது யூசுப் சிரிப்பார். சிரிக்கட்டும்.

பக்கவாதம் வந்ததிலிருந்து உன் அண்ணி சுலோசனா மாடியிலேயே கிடக்கிறாள். நம் மாடிப்படி செங்குத்து. திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. பிசியோதெரபிக்கு அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள்தான் தூக்கி இறக்கினார்கள். போன வாரம் ஒருவருக்குக் கால் தவறி, நாற்காலி சுவரில் இடித்தது. "இனி நான் வரலீங்க" என்று உன் அண்ணி சொல்லிவிட்டாள். இப்போது விட்டால் பிறகு நடக்கவைக்க முடியாது என்கிறார் டாக்டர்.

மூத்தவன் பிரிக்க, இளையவன் முதலில் எடுப்பது நம் வழக்கம். நான் பிரித்தேன், நீ கீழ் வீட்டை எடுத்தாய். அதைக் குறை சொல்லவில்லை. இப்போது மாற்றிக்கொள்வோம். முடியாதென்றால், வீட்டை ஒட்டிய பொதுச் சந்தில் என் செலவில் சின்ன லிஃப்ட் வைக்கவாவது சம்மதி.

உன் அண்ணன்,
சென்னிமலை


24.6.2024

அண்ணனுக்கு வணக்கமுங்க.

கடுதாசி கெடச்சுதுங்க. அண்ணியை நெனச்சா வருத்தமாத்தான் இருக்குதுங்க. ஆனா நீங்க சொல்ற சந்து வடகிழக்கு, ஈசானி மூலையுங்க. அங்க பாரம் ஏத்துனா வீட்டுப் பையனுக்கு ஆகாதுன்னு ஜோசியர் சொல்லிப்போட்டாருங்க. ஆதர்ஷுக்கு இப்பத்தான் பொண்ணு அமைஞ்சிருக்குது. வீடு மாத்தற பேச்சையும் அவன் கல்யாணம் முடிஞ்சப்பறம் வெச்சுக்கலாமுங்க.

மேல காத்து நல்லா வரும், அண்ணி தேறிருவாங்க. அவசரம்னா சரவணம்பட்டிப் பக்கம் தரைத்தளமா வாடகைக்குப் பாருங்களேன். உங்கள மாதிரி கெமிஸ்ட்ரி புரொபசருக்கு வாஸ்து வெளங்காதுங்க, கோவிச்சுக்காதீங்க.

உங்க தம்பி,
கிருபாசங்கர்


9.9.2024

தம்பிக்கு,

சரவணம்பட்டி போய்ப் பார்த்தேன். தரைத்தளம் என்று புரோக்கர் காட்டியதெல்லாம் கார் நிறுத்தும் இடத்துக்கு மேலே இருந்தது. காருக்குச் சரிவுப்பாதை, மனிதருக்குப் படி. லிஃப்டுக்குப் போகவே படி ஏற வேண்டும். "வீல்சேருங்களா? இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லீங்க" என்றார்.

நேற்று உன் மகனின் நிச்சயதார்த்தம். உன் அண்ணி விடிந்ததுமே பட்டுப்புடவை கேட்டாள். நான்தான் கட்டிவிட்டேன். கொசுவம் கோணல் என்று திட்டினாள். அவள் என்னைத் திட்டிக் கேட்டு எத்தனை நாளாயிற்று! ஆட்டோ ஆட்களை வரச் சொல்லியிருந்தேன். மாடிப்படியின் உச்சியில் நாற்காலியில் காத்திருந்தாள்.

கீழே நீ ஆட்டோ ஆட்களிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. "நல்ல காரியத்துல ஆள நாலு பேரு தூக்கிட்டு எறங்குனா பொண்ணு ஊட்டுக்காரங்க என்ன நெனப்பாங்க? அவங்க போகட்டுமுங்க, அப்பறம் பாத்துக்கலாம்."

ஆட்டோ ஆட்கள் திரும்பிப் போய்விட்டார்கள். நான் சண்டைக்கு வாயெடுத்தேன். "சத்தம் போடாதீங்க, பையனுக்கு நல்ல நாளு" என்று அசைகிற ஒரு கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நீயும் உன் மனைவியும் வேலைக்குப் போன வருஷங்களில், அந்தப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதே படியில் ஏறி இறங்கியவள். நாதஸ்வரம், சிரிப்பு, பந்திச் சத்தம் எல்லாவற்றையும் அங்கேயே உட்கார்ந்து கேட்டாள். அவளைத் தனியாகத் தூக்க எனக்குப் பலமில்லை. நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தேன்.

பந்தி முடிந்ததும் கேரியரில் சாப்பாடு அனுப்பினாய். அவள் திறக்கவிடவில்லை. கட்டிலை ஜன்னல் பக்கமிருந்து திருப்பிப் போடச் சொன்னாள். போட்டுவிட்டேன்.

கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வருவதற்குள் அவள் கால் மரத்துப்போகும். மாடியை விற்கலாமென்றால் பொதுப்படிக்கு உன் கையெழுத்து வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா என்று என் பெயரைப் போடுவாய். போட்டுக்கொள்.

கடிதத்தின் கீழே வழக்கமாக எழுதும் 'உன் அண்ணன்' இன்றைக்குக் கையில் வரவில்லை. வெறும் பெயரை எழுதிப் பார்த்தேன். யாரோ ஒருவனுக்கு எழுதியதுபோல் இருந்தது, கடிதத்தையே கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இதை ஒன்றும் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.