இவர் கடிகாரம் காட்டிய கணக்கு

நவம்பர் 16, ஞாயிறு

இன்றும் சாமுண்டி மலைப் படிகளை ஏறி இறங்கினேன். எழுநூற்று இருபது கலோரி எரிந்ததாகக் கடிகாரம் காட்டியது. அந்தத் தைரியத்தில் வரும் வழியில் மசாலா தோசையும் ஒரு துண்டு மைசூர்பாக்கும் சாப்பிட்டேன். இரண்டு மாதமாக ஞாயிறுதோறும் இதே கதைதான். எடை மட்டும் இறங்கவில்லை.

சாயங்காலம் மகள் நித்யா என் போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "அம்மா, இது அப்பா வாட்ச். ஆறு மாசம் முன்னாடி அவர் வாங்கினப்போ போட்ட வெயிட்தான் இன்னும் இருக்கு, தொண்ணூத்தி நாலு. உனக்கு அவ்வளவெல்லாம் எரிஞ்சிருக்காது."

நடக்கவே அலுப்பாக இருக்கிறது என்று இவர் கழற்றிக் கொடுத்த கடிகாரம் அது. எனக்குக் கோபம் வந்தது. மலை ஏறியது நான், கணக்கு இவருடையது. என் எழுபத்தொன்றைப் பதிந்த கையோடு, நித்யா விளையாட்டாக அப்பாவையும் எடை மிஷினில் ஏற்றினாள்.

எழுபத்தெட்டு.

இவர் நடப்பதில்லை, சோற்றையும் குறைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள், பாதிக் கன்னடத்தில், "சும்னிரு, உன் டயட்டெல்லாம் எனக்குப் பலிச்சிருக்கு" என்று சிரித்தபடி இறங்கிவிட்டார்.

தீபாவளிக்கு இவருக்கு எடுத்த பேன்ட் இடுப்பில் நிற்காதபோது கடைக்காரரைத் திட்டினேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டுக் கொடுத்ததும் நான்தான். மைசூர்பாக்கில் எத்தனை கலோரி என்பது மட்டும் எனக்கு மனப்பாடம்.

காலையில் வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். இதை எழுதும்போதே தண்ணீர் குடிக்க எழுந்துவிட்டார். படுத்ததிலிருந்து இது மூன்றாவது முறை. இன்றுதான் எண்ணுகிறேன்.